இரவல் உடை, சொந்த முகம்

தென் கொரியத் தலைநகர் சியோலில், கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில், மரபுடையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகளும், அவ்வுடையில் வருவோரை முறைப்படி படமெடுத்துத் தரும் ஸ்டுடியோக்களும் அடுத்தடுத்து முளைத்து, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு தனித் தொழிலாகவே நிலைபெற்றுவிட்டன. கொரியர்களின் மரபுடைக்கு இன்று வழங்கும் பொதுப்பெயர் ஹான்போக். அதன் இன்றைய வடிவம் பெரும்பாலும் 1392இல் தொடங்கி ஐந்து நூற்றாண்டுகள் ஆண்ட ஜோசன் அரச மரபின் காலத்தில் உருப்பெற்றது. சுற்றுலா வந்தவர்கள் அதை அணிந்து கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போவது ஒரு வகை. ஒப்பனை செய்பவர், தலை பின்னுபவர், விளக்குகள், பின்திரை, எடுத்த படத்தைக் கணினியில் திருத்தித் தருபவர் என ஒரு குழுவையே அமர்த்திக்கொண்டு, சட்டமிட்டுச் சுவரில் மாட்டத்தக்க உருவப்படம் ஒன்றுடன் ஊர் திரும்புவது இன்னொரு வகை. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

இவ்வழக்கத்தின் மேல் இரண்டு குறைகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. அரச குலத்தாரும் பிரபுக்களும் உடுத்தியதை இரண்டு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி அணிவது வெறும் வேடம் என்பது ஒன்று. பிற நாட்டார் அணிவதால் அவ்வுடையின் மதிப்புக் குறைகிறது என்பது மற்றொன்று. கொரிய வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இரண்டுமே வலுவிழக்கின்றன. உயர்ந்தோர் உடையை ஒருநாள் இரவல் வாங்கி அணிவது அந்நாட்டில் அரசே ஒப்புக்கொண்ட பழைய வழக்கம். உருவப்பட மரபிலிருந்து இன்றைய ஸ்டுடியோ விலகிப்போயிருக்கும் இடம் உடையைவிட முகத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. அதைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை.

முதலில் உடை. பெண்கள் அணிவது இரண்டு பகுதிகளால் ஆனது: ஜொகோரி எனப்படும் குட்டையான மேல்சட்டை, மார்புக்கு மேலே இறுக்கிக் கட்டப்பட்டு அங்கிருந்து கொசுவங்களாக விரிந்து தரைவரை இறங்கும் சீமா என்னும் பாவாடை. ஆண்களுக்கு அதே மேல்சட்டையும், கணுக்காலில் கட்டிக்கொள்ளும் பாஜி என்னும் தொளதொளப்பான கால்சட்டையும், அவற்றின் மேல் நீண்ட அங்கியும் உண்டு. உடலளவை ஒட்டி வளைத்து வெட்டாமல் துணியைத் தட்டையாக வெட்டித் தைப்பது இவ்வுடையின் அடிப்படை. மடித்து வைத்தால் தாள்போலப் படிந்துவிடும் அந்தத் துணி, ஆள் உள்ளே நுழைந்த பிறகே வடிவம் கொள்கிறது. பாவாடையின் பருமன்கூட அதற்குச் சொந்தமானதன்று. அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் உள்பாவாடைகளும் உள்ளாடைகளும் தருவது. அதனால்தான் தேர்ந்த ஒளிப்படக் கலைஞர்கள் கேமராவைத் தொடுவதற்கு முன்பே உள்பாவாடையைச் சரிபார்க்கிறார்கள். அது தொய்ந்திருந்தால் எந்த விளக்கும் உதவாது.

கழுத்தோரத்தில் டொங்ஜொங் என்னும் வெண்ணிறப் பட்டி ஒன்று தனியாகத் தைக்கப்பட்டிருக்கும். அழுக்கேறியதும் அதை மட்டும் பிரித்தெடுத்துப் புதிதாக வைத்துத் தைப்பது வழக்கம். முகத்துக்கு மிக அருகில் இருக்கும் வெண்மை அதுவே என்பதால், உருவப்படத்தில் முகம் துலங்குவதும் மங்குவதும் ஓரளவு அதைப் பொறுத்திருக்கிறது. மார்பில் சட்டையை இணைப்பவை கொரும் எனப்படும் இரண்டு நீள நாடாக்கள். இடப்புற முகப்பு வலப்புறத்தின் மேல் படிய வேண்டும். அதன் பின் நாடாக்களை ஒற்றை வளையமாக முடிந்து, மீதியை ஏறக்குறைய ஒரே நீளத்தில் கீழே தொங்கவிட வேண்டும். கடைகளில் இதைக் கட்டிவிடுபவர்கள் பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். வந்தவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, நாடாவை ஒருமுறை இழுத்து, வளையத்தின் மடிப்பை இரு விரல்களால் நீவி, தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். அவசரக் கடைகளில் அதுவும் இல்லை. ஏற்கெனவே தைத்துவைத்த முடிச்சை அழுத்துப் பொத்தானால் பொருத்திவிடுகிறார்கள். கைப்பேசியின் முன்புறக் கேமரா காட்டும் கண்ணாடிப் பிம்பத்தை அப்படியே சேமித்தால் முகப்பு இடம் மாறி, உடை தவறாக அணிந்ததுபோலத் தெரியும் என்பது பலருக்கு ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது.

ஜோசன் காலத்தில் நிறமும் விளிம்பும் படிக்கப்பட்டன. மணமாகாத பெண் மஞ்சள் மேல்சட்டையும் சிவப்புப் பாவாடையும் அணிவாள். புதுமணப் பெண்ணுக்குப் பச்சை மேல்சட்டை, சிவப்புப் பாவாடை. மார்பு நாடா செந்நீல நிறமாக இருந்தால் கணவன் உயிரோடு இருக்கிறான் என்றும், கைநுனிப் பட்டி கருநீலமாக இருந்தால் மகன் இருக்கிறான் என்றும் பொருள். இன்று கண்ணுக்குப் பிடித்த நிறத்தைக் கொடியிலிருந்து உருவி எடுக்கும் இருபது வயதுப் பயணி, தன்னை அறியாமலே ஓர் ஆண்பிள்ளைக்குத் தாயாகப் படத்தில் நின்றுவிட முடியும். இதைக் கண்டு முகம் சுளிப்பவர்களைவிட, படித்துவிட்டுச் சிரிக்கும் கொரியப் பாட்டிமார்களே இவ்வுடைக்கு நெருங்கியவர்கள் என்று தோன்றுகிறது.

மரபு என்று ஒற்றை வடிவத்தைச் சுட்டுவதும் எளிதன்று. 16ஆம் நூற்றாண்டில் இடுப்புக்குக் கீழே இறங்கிய பெண்களின் மேல்சட்டை, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மார்பை மூடவே தயங்கும் அளவுக்குக் குறுகி, கைகள் ஒட்டிப்பிடித்து, பாவாடை மட்டும் பூசணிபோல விரிந்தது. அந்தப் பிற்கால வடிவத்தின் புகழ்பெற்ற சாட்சி, ஓவியர் ஷின் யுன்-போக் தீட்டிய ‘மியின்டோ’ என்னும் அழகியின் உருவப்படம். சியோலின் கன்சொங் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வோவியத்தில் மார்பு நாடாவும் தொங்கணியும் விரல்களில் சிக்கியிருக்க, தலையில் கனத்த பின்னல்முடி சுற்றியிருக்கிறது. காசே எனப்பட்ட அந்தச் சவுரிமுடிக்காகக் குடும்பங்கள் பெருஞ்செல்வத்தை இறைத்ததால் யொங்ஜோ மன்னர் 1756இல் அதைத் தடைசெய்தார். மன்னர் விலக்கிய அந்தச் சவுரியே இன்று அரண்மனை வாசலில் உள்ள ஸ்டுடியோக்களில் ‘அரசி’ தொகுப்பின் தலையாய கவர்ச்சியாக, கூடுதல் கட்டணத்துடன் திரும்பி வந்திருக்கிறது.

இனி இரவல் உடைக்கு வரலாம். ஜோசன் சமூகம் யார் எதை உடுத்தலாம் என்பதைத் துணி, நிறம், ஒப்பனைவரை விதித்து வைத்த சமூகம். அரசரின் அலுவல் அங்கியான கொல்லியொங்போவில் மார்பிலும் முதுகிலும் தோள்களிலும் வட்டத்துக்குள் சுருண்ட டிராகன் என்னும் கால்களுள்ள நாகத்தின் பூவேலை இருக்கும். அரசருக்கு ஐந்து நகங்கள், பட்டத்து இளவரசருக்கு நான்கு என்று நகத்தின் எண்ணிக்கையிலேயே படிநிலை இருந்தது. குடியானவர்களுக்கு வெள்ளைப் பருத்தியும் சணல்துணியும் மட்டுமே பெரும்பாலான நாள்களில் வாய்த்தன. ஆயினும் ஒரேயொரு நாளில் இந்த வேலி திறந்தது. திருமண நாளன்று சாதாரண மாப்பிள்ளை அரசு அதிகாரியின் வட்டக்கழுத்து அங்கியையும் இருபுறமும் சிறகுள்ள கறுப்புத் தொப்பியையும் அணியலாம். மணப்பெண் வொன்சாம் எனப்படும் அகன்ற கையுள்ள சடங்கு அங்கியையோ, அரண்மனைப் பெண்கள் அணிந்த ஹ்வாரொத் என்னும் செந்நிறப் பூவேலை அங்கியையோ அணிந்து, சின்னஞ்சிறு மகுடம் ஒன்றைச் சூடிக்கொள்ளலாம். அரசு இதை மீறலாகக் கருதாமல் சலுகையாக ஏற்றுக்கொண்டது.

அந்த அங்கியைச் சொந்தமாகத் தைத்துக்கொள்ளும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஊருக்கு ஒன்றாகப் பொதுவில் வைத்து, மணமகளுக்கு மணமகள் கைமாறியே அது பயன்பட்டது. எஞ்சியுள்ள ஹ்வாரொத் சிலவற்றில் தேய்ந்த இடத்தை வேறு துணியால் ஒட்டுப்போட்டுத் தைத்த தடங்கள் அந்தக் கைமாற்றத்தின் சான்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் இருந்த அத்தகைய அங்கி ஒன்று, பிடிஎஸ் இசைக்குழுவின் ஆர்எம் அளித்த நன்கொடையைக் கொண்டு கொரியாவில் செப்பனிடப்பட்டு, 2023இல் சியோலின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அரண்மனைத் தோட்டத்தின் ஒரு மூலையில் அமைந்த அந்த அருங்காட்சியகத்துக்கு வெளியே, வாடகைக் கடையின் நாக அங்கியில் நின்று படமெடுத்துக்கொள்பவர்களைப் பார்த்து ‘இது எங்கள் வழக்கமே இல்லை’ என்று சொல்வது வரலாற்றுக்கு ஒத்துவராது. இரவல் வாங்கியவர் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதுதான் வேறுபாடு. அது சிறிய வேறுபாடன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணமகள் அந்த உடையில் தன் சுற்றத்தார் முன் நின்றாள், அவர்களுக்கு அவள் யாரென்று தெரியும். பயணியோ தன்னை அறியாத ஊரில் உடுத்தி, உடையை அறியாத ஊருக்குப் படத்தை அனுப்புகிறார்.

முகத்தின் கதை வேறு. ஜோசன் காலத்து உருவப்பட ஓவியம் உலக ஓவிய வரலாற்றிலேயே கறாரான மரபுகளுள் ஒன்று. ஒரு மயிரிழை மாறினாலும் வரையப்பட்டவர் வேறொருவர் ஆகிவிடுவார் என்ற கொள்கை அதை ஆண்டது. முன்னோர் வழிபாட்டுக்குப் பயன்படும் படம் அது. வேறொருவர் முகத்துக்குப் படையல் போட்டுவிடக் கூடாது என்ற அச்சம் அக்கொள்கையின் அடியில் இருந்தது. பட்டுத்துணியின் பின்பக்கத்திலிருந்து வண்ணம் பூசி, அது முன்பக்கம் தோலின் நிறம்போலக் கசிந்து தெரியுமாறு செய்வது இவ்வோவியர்களின் நுட்பம். அம்மைத் தழும்பு, மச்சம், வெண்படை, வீங்கிய இமை எதையும் அவர்கள் மறைக்கவில்லை. அமைச்சராயினும் தழும்பு தழும்பாகவே தீட்டப்பட்டதால், தோல் மருத்துவ வல்லுநர்கள் இப்படங்களைப் பார்த்தே அக்காலத்து நோய்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அரச மரபைத் தொடங்கிவைத்த தேஜோவின் உருவப்படத்திலும் வலப்புருவத்துக்கு மேல் சிறு புடைப்பு ஒன்று உண்டு.

தேஜோவின் அப்படம் ஜொன்ஜு நகரின் கியொங்கிஜொன் ஆலயத்தில் இருந்து வந்தது. இப்போது எஞ்சியிருப்பது 1872இல் பழைய படத்தைப் பார்த்துப் படியெடுத்த வடிவம். மாதிரியிலிருந்து இம்மியும் பிசகாமல் படியெடுப்பதற்கென்றே அரசவை ஓவியர் குழு அமர்த்தப்படுவது வழக்கம். அவ்வாலயம் ஜொன்ஜுவின் பழைய ஓட்டுவீட்டுக் குடியிருப்பின் வாசலில், சியோலுக்கு அடுத்தபடியாக வாடகை உடைக்காரர்கள் மொய்க்கும் இடத்தில் இருக்கிறது. மதிலோரத்தில் சிவப்பு நாக அங்கியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இளைஞர்கள், உள்ளே அமர்ந்திருக்கும் மன்னர் நீல அங்கியில் இருப்பதைப் பார்த்து வியப்பதுண்டு. தொடக்ககால அரசரின் நீலம் பிற்காலச் சிவப்பால் மறைக்கப்பட்டுவிட்டது, வாடகைக் கடைகள் தொலைக்காட்சித் தொடர்கள் பழக்கிய சிவப்பையே வாங்கி வைக்கின்றன. பிற அரசர்களின் உருவப்படங்களில் பெரும்பாலானவை கொரியப் போரின்போது பூசான் நகருக்குக் கொண்டுபோய் வைக்கப்பட்டு, அங்கே 1954இல் நேர்ந்த தீயில் அழிந்தன. 1861இல் தீட்டப்பட்ட ச்சொல்ஜோங் மன்னரின் படம் மூன்றில் ஒரு பங்கு கருகிய நிலையில் தப்பியது. 10,000 வொன் தாளில் அச்சாகியிருக்கும், கொரியர்கள் நாள்தோறும் கையாளும் செஜோங் மன்னரின் முகமோ 20ஆம் நூற்றாண்டு ஓவியர் கிம் கி-ச்சாங் கற்பனையில் தீட்டியது. மன்னர் காலத்துப் படம் எதுவும் மிஞ்சவில்லை. மயிரிழைக்குப் போராடிய நாட்டின் மிகப் பரவலான ஹான்போக் உருவப்படம் ஓர் ஊகம் என்பதில் வரலாற்றின் குறும்பு தெரிகிறது.

ஒளிப்படம் கொரியாவுக்குள் நுழைந்தது 1880களில். கிம் யொங்-வொன், ஹ்வாங் ச்சொல், ஜி உன்-யொங் ஆகியோர் 1883, 1884ஆம் ஆண்டுகளில் சியோலில் ஒளிப்பட நிலையங்களைத் தொடங்கினர். அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் 1884இல் கோஜோங் மன்னரைப் படமெடுத்தார். அதே ஆண்டு இறுதியில் நடந்த அரண்மனைக் கிளர்ச்சியின் கொந்தளிப்பில் சில நிலையங்கள் சூறையாடப்பட்டன. 1888இல், அயல்நாட்டார் குழந்தைகளைப் பிடித்துப்போகிறார்கள் என்ற வதந்தியால் நகரமே கலங்கியபோது கேமராவும் சந்தேகத்துக்கு ஆளானது. கோஜோங்குக்கு அந்தத் தயக்கம் இல்லை. அரசராக நாக அங்கியிலும், 1897இல் பேரரசராகத் தன்னை அறிவித்துக்கொண்ட பின் மஞ்சள் அங்கியிலும், முடியை வெட்டிக்கொண்டு ஐரோப்பியப் பாணி இராணுவச் சீருடையிலும் கேமரா முன் அமர்ந்தார். தன் நாடு பிற வல்லரசுகளுக்கு நிகர் என்று காட்ட அவரிடம் எஞ்சியிருந்த கருவிகளுள் உடுத்துப் படமெடுத்துக்கொள்வதும் ஒன்று. அரசவை எழுத்தோவியரும் ஓவியருமான கிம் கியு-ஜின், 1907இல் சியோலில் ச்சொன்யொன்டாங் என்னும் ஸ்டுடியோவைத் திறந்து, பெண் வாடிக்கையாளர்களைத் தனி இடத்தில் பெண்ணே படமெடுக்குமாறு ஏற்பாடு செய்தார். அயல் ஆண்முன் அமரத் தயங்கிய குடும்பப் பெண்கள் அதன் பின்னரே துணிந்து வந்தனர்.

1910 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில் இதே உடையும் கேமராவும் வேறொரு பணிக்குப் போயின. விருந்துகளில் பாடி ஆடும் கிசேங் பெண்களை ஹான்போக்கில் நிறுத்தி எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சிடப்பட்டு, வந்துபோகும் பயணிகளிடம் விற்கப்பட்டன. இன்றைய சுற்றுலா உருவப்படத்தைக் குறைசொல்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒப்பீடு இது: அன்று உள்ளூர்ப் பெண் உடுத்தி நின்றாள், பயணி படத்தை வாங்கிப் போனான், இன்று பயணி தானே உடுத்தி நிற்கிறார், கேமராவும் கட்டணமும் உள்ளூர்க்காரர் கையில். ஒட்டுமொத்தமாக எடைபோட்டால் இது மேலான ஏற்பாடு.

அரசும் இதை ஊக்குவித்தது. ஹான்போக் அணிந்து வருவோருக்குச் சியோலின் அரண்மனைகளில் 2013 முதல் நுழைவு இலவசம். கியோங்போக்குங்கில் நெடுங்காலமாக இருந்துவரும் கட்டணம் 3,000 வொன் மட்டுமே என்பதால் பணத்தைவிட அச்சலுகையின் அழைப்பே கூட்டத்தை இழுத்தது. இரண்டு மணி நேர வாடகை பல கடைகளில் 10,000 முதல் 30,000 வொன்னுக்குள் அடங்கிவிடும். கூட்டம் பெருகப் பெருக உடை மாறியது: வலைத்துணிப் பாவாடை, பொன்னிற அச்சு, கம்பி வளையம் செருகிய உள்பாவாடை, முதுகில் கட்டும் பட்டை நாடா என ‘ஃப்யூஷன்’ வகை பெருகியது. 2018இல் அரண்மனைகள் அமைந்துள்ள ஜொங்னோ மாவட்ட நிர்வாகம், இதற்கும் சலுகை தருவதா என்ற விவாதத்தைக் கிளப்பியது; 2024இல் தேசிய மரபுச் செல்வ நிறுவனத்தின் தலைமையும் அரண்மனையைச் சுற்றியுள்ள உடைகளின் தரத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தது. இடையில், ஆண்கள் ஆணுடையும் பெண்கள் பெண்ணுடையும் அணிந்தால்தான் இலவசம் என்ற விதி, தேசிய மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு 2019 ஜூலையில் கைவிடப்பட்டது. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில், சீனாவின் கொரிய இனச் சிறுபான்மையினரைக் குறிக்க ஒரு பெண் ஹான்போக்கில் தோன்றியது கொரியாவில் பெருங்கோபத்தை மூட்டியது. அதே ஆண்டு ஜூலையில் ஹான்போக்கைத் தைத்து, உடுத்தி, பேணும் வாழ்க்கைமுறை தேசியத் தொட்டறியா மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்பில் கலைஞர் ஒருவரையோ குழுவையோ உரியவராகக் குறிப்பது வழக்கம். ஹான்போக்குக்கு யாரும் குறிக்கப்படவில்லை, நாடு முழுவதும் பரவிய வழக்கம் என்பது காரணம்.

ஃப்யூஷன் உடையைப் பழிப்பதில் நியாயமும் உண்டு, மிகையும் உண்டு. ஆடை வடிவமைப்பாளர் லீ யொங்-ஹீ 1993இல் பாரிஸ் மேடையில் மேல்சட்டையே இல்லாமல் பாவாடையை மட்டும் உடுத்திக் காட்டியபோது எழுந்த முணுமுணுப்பு பின்னர் பெருமையாக மாறிவிட்டது. மாற்றம் குற்றமாகாது, ஆனால் உருவப்படத்துக்கு அமர்பவருக்கு ஃப்யூஷன் உடை நடைமுறையிலேயே நட்டம். கம்பி வளையம் அமரும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பாலியெஸ்டரின் பளபளப்பு ஸ்டுடியோ விளக்கில் திட்டுத்திட்டாக வெளுக்கும். வலைத்துணி முழங்காலைக் காட்டிக்கொடுக்கும். பட்டும், ஹான்சன் ஊரின் நெசவுக்குப் பேர்போன மோசி என்னும் ராமி நார்த்துணியும் ஒளியைப் பாதி விழுங்கிப் பாதி கசியவிடுவதால், அவற்றில் மடிப்புகள் கோடுகளாகத் தெரிகின்றன. நல்ல ஸ்டுடியோக்கள் வாடகைக் கடையின் உடையுடன் வருபவரிடம் தங்கள் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டுவதற்குக் காரணம் இதுவே.

தொழில் இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒளிப்படக் கலைஞர் வாடிக்கையாளருடன் அரண்மனையிலோ பழைய குடியிருப்பிலோ நடந்துகொண்டே எடுப்பதை அங்கே ‘ஸ்னாப்’ என்கிறார்கள். இதற்கு நாட்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: கியோங்போக்குங் செவ்வாயில் மூடியிருக்கும், ச்சாங்டொக்குங் திங்களில். அரண்மனை வளாகத்தில் வணிக நோக்குப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மற்றது ஸ்டுடியோவுக்குள் எடுப்பது. பின்னணியில் வெறும் பழுப்புத்தாள் திரையோ, சூரியனும் சந்திரனும் ஐந்து சிகரங்களும் தீட்டிய மடிப்புத்திரையோ இருக்கும். பின்னது அரசருக்கே உரியதாக அரியணைக்குப் பின்னால் நின்ற திரை, அரசர் முன்னே அமர்ந்தால்தான் அந்த ஓவியம் நிறைவடையும் என்பது கருத்து. நாற்காலி, விசிறி, நோரிகே என்னும் குஞ்சத் தொங்கணி, ஆண்களுக்குக் குதிரைமயிரும் மூங்கில் இழையும் கொண்டு பின்னிய காத் என்னும் அகன்ற விளிம்புத் தொப்பி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கும். 2019இல் வெளியான ‘கிங்டம்’ தொடருக்குப் பிறகு அயல்நாட்டார் அத்தொப்பியைத் தேடி வருகிறார்கள்.

அமரவைப்பதில்தான் கலைஞரின் திறம் தெரிகிறது. சட்டையின் அடிக்கை வளைவு அரைவட்டமாக இறங்க வேண்டுமானால் முழங்கை உடலைவிட்டுச் சற்று விலகியிருக்க வேண்டும்; தோளை உயர்த்தினால் உடையின் சரிவுக்கோடு முறியும். கைகளை வயிற்றின் முன் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதற்குக் கொங்சு என்று பெயர். சாதாரண நாள்களில் ஆணுக்கு இடக்கை மேலே, பெண்ணுக்கு வலக்கை மேலே. துக்க நிகழ்ச்சிகளில் அது தலைகீழாகும். பயணி கைகளை மாற்றி வைத்தால் கலைஞர் பேசாமல் முன்வந்து திருத்திவிடுவார். எத்தனையோ படங்கள் திருத்தப்படாமலும் போய்விடுகின்றன. அந்த வீட்டுச் சுவரில் அரசி ஒருத்தி நிரந்தரமாகத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருப்பாள்.

படமெடுத்து முடிந்ததும் வேலையின் மறுபாதி தொடங்குகிறது. கொரிய ஸ்டுடியோக்கள் பலவற்றில் வாடிக்கையாளர் திருத்துபவரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அமர்ந்து, தன் முகம் திரையில் மாறுவதைப் பார்க்கலாம். முதலில் கன்னத்துப் பருவும் தழும்பும் போகும். அடுத்துத் தாடை ஓரம் உள்ளிழுக்கப்படும். ஒரு கண் மற்றதைவிடச் சிறிதாக இருந்தால் சமமாக்கப்படும். நெற்றி முடிக்கோடு நிரப்பப்படும். கருத்த தோலாயின் கேட்காமலே ஒன்றிரண்டு படி வெளுக்கும். தெற்காசியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் போகும் பயணிகள் இந்தக் கடைசித் திருத்தத்தைத் தடுக்க முதலிலேயே வாய்திறந்து சொல்லிவிடுவது நல்லது, சொன்னால் கேட்கிறார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் ஒட்டும் படம்கூட இவ்வாறு மெருகேறிப் பழகிய சமூகத்தில், இதைப் பொய் என்று எவரும் கருதுவதில்லை. முடிந்த அளவு நேர்த்தியாகத் தோன்றுவது பார்ப்பவருக்குச் செய்யும் மரியாதை என்பது அவர்கள் கணக்கு. முகத்தைத் திருத்தாதே என்ற விதி கடவுச்சீட்டு அலுவலகத்தில் மட்டும் உயிரோடிருக்கிறது. அரசவை ஓவியரின் கறார்த்தனத்துக்கு வாரிசாக எஞ்சியிருப்பவர் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்து படத்தைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலர்தான்.

முன்னோர் வழிபாட்டுப் படத்தின் மரபு அறுந்துவிடவுமில்லை. கொரியாவில் இறுதிச் சடங்கு மேடையில் வைப்பதற்கான படத்தை முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்; அதை மங்கலமாக ‘ஜங்சு சாஜின்’, அதாவது நெடுவாழ்வுப் படம் என்கிறார்கள். கிராமத்துச் சமூகக் கூடங்களுக்குத் தன்னார்வலர்கள் கேமராவும் விளக்கும் ஒப்பனைப் பெட்டியும் சில ஹான்போக்குகளும் கொண்டுபோய், வரிசையில் காத்திருக்கும் பாட்டிகளுக்கு உதட்டுச்சாயம் பூசி, மேல்சட்டையை மட்டும் மாற்றிமாற்றி அணிவித்து எடுப்பதுண்டு. இடுப்புக்குக் கீழே அவர்கள் தங்கள் வீட்டுக் காற்சட்டையிலேயே அமர்ந்திருப்பார்கள். அந்த வசதியும் வாய்க்காதவர்களுக்காக ஊர்ப்புற ஒளிப்படக் கடைகள் தலையில்லாத ஹான்போக் படங்களைக் கணினியில் சேமித்து வைத்திருக்கின்றன. அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, ஆணாயின் வெளிர்நிற அங்கி, பெண்ணாயின் வெளிர்சிவப்பு மேல்சட்டை என்று கழுத்தோடு கழுத்து பொருத்தி, அன்றைக்கே அச்சிட்டுச் சட்டமும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.